ஹைபிரிட் கார் வாங்கினால் எண்ணெய்ச் செலவு குறையுமா? கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய 1.6 லிட்டர் கார் வீட்டு வாசலில் நிற்கிறது. பேங்க் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் எண்ணெய் அதிகம் குடிக்கிறது. மாதக் கடைசியில் பெட்ரோல் நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் மனம் கணக்குப் போடுகிறது. கார் விற்பனையாளரோ, “ஹைபிரிட் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்ச் செலவு பாதியாகிவிடும்” என்கிறார்.

அவர் சொல்வது பொய்யில்லை. நகர நெரிசலில் ஓடும் நல்ல ஹைபிரிட் கார், பழைய காரைவிடப் பாதிக்கும் குறைவான எண்ணெயில் ஓடும். ஆனால் எண்ணெய் மிச்சமாவது வேறு, பணம் மிச்சமாவது வேறு. எண்ணெயில் மாதம் 70 வெள்ளி மிச்சம் பிடிக்க, தவணையில் மாதம் 140 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் அது மிச்சமல்ல.

ஹைபிரிட் காரும் எண்ணெய்ச் சிக்கனக் காரும் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள்? ஒரு லிட்டருக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்? இந்த மூன்றும் தெரிந்தால், ஒரு தாளும் கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரும் போதும்.

லிட்டருக்கு என்ன விலை?

புடி95 திட்டம் 2025 செப்டம்பர் இறுதியில் படிப்படியாகத் தொடங்கி, செப்டம்பர் 30 முதல் எல்லாத் தகுதியுள்ள குடிமக்களுக்கும் வந்தது. மைகார்ட்டும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ளவர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. அதற்கு முன் 2.05 வெள்ளியாக இருந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு மாதம் 300 லிட்டர் என்று அளவு வைக்கப்பட்டது. முழுநேர இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்குக் கூடுதல் அளவு கிடைத்தது. உதவித்தொகை இல்லாதவர்களுக்கான விலை அப்போது 2.60 வெள்ளி.

நம் சமூகத்தில் இதைக் கவனிக்க வேண்டிய ஒரு தரப்பு உண்டு. இந்த உதவித்தொகை குடிமக்களுக்கு மட்டுமே. இந்த மண்ணிலேயே காலம் கழித்தும் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் நிரந்தரவாசிகள் இதில் சேரவில்லை. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கும் சலுகை விலை இல்லை. உரிமம் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்துப் புதுப்பிப்பது பலருக்கு முதல் எண்ணெய்ச் சிக்கனமாக அமையும்.

எண்ணெய் விலையும் அளவும் நிலையானவையல்ல. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் விலை 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே இரவில் ஏறியதை டீசல் பிக்-அப் வைத்திருக்கும் தோட்டக் குத்தகையாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எனவே கீழே வரும் கணக்குகளில் 1.99 வெள்ளியும் 2.60 வெள்ளியும் எடுத்துக்காட்டு விலைகள் என்று கொள்ள வேண்டும். விலை மாறினால் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கார் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற எந்தக் கணக்கும் போட முடியாது. வழி எளிது.

பெட்ரோல் நிலையத்தில் டேங்க்கை முழுமையாக நிரப்புங்கள். பம்ப் தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அமுக்கி அமுக்கி ஊற்ற வேண்டாம். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதி வையுங்கள். வழக்கம்போல் ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், மீண்டும் முழுமையாக நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். 420 கிலோமீட்டர் ஓடி 40 லிட்டர் ஊற்றியிருந்தால் லிட்டருக்கு 10.5 கிலோமீட்டர். இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது.

விளம்பரத் தாளில் உள்ள எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். நிறுவனங்கள் சொல்லும் எண், சோதனைக் கூடத்தில் வகுக்கப்பட்ட முறைப்படி ஓட்டிக் கிடைத்தது. 2023இல் வந்த புதிய பெரோடுவா அக்சியாவின் உயர் ரகங்களுக்கு லிட்டருக்கு 27 கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்லப்பட்டது. குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓட, நான்கு பேர் உட்கார்ந்து, கிள்ளான் நெரிசலில் நின்று நின்று போகும்போது அந்த எண் வராது. புதிய கார் எதுவாக இருந்தாலும் சொல்லப்படும் எண்ணில் கால் பங்கைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுவது பாதுகாப்பு.

ஏமாற்றும் எண்

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண் நம்மை எளிதில் ஏமாற்றும். 10இலிருந்து 18க்குப் போவதும் 18இலிருந்து 26க்குப் போவதும் ஒரே அளவு முன்னேற்றம்போலத் தெரியும். எண்ணெய்க் கணக்கில் அப்படியில்லை.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விலை லிட்டருக்கு 1.99 வெள்ளி.

- லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் பழைய கார்: 150 லிட்டர், ஏறத்தாழ 299 வெள்ளி.
- லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் புதிய நடுத்தரக் கார்: 100 லிட்டர், 199 வெள்ளி.
- லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் சிறிய கார்: 83 லிட்டர், ஏறத்தாழ 166 வெள்ளி.
- லிட்டருக்கு 23 கிலோமீட்டர் ஓடும் ஹைபிரிட் கார்: 65 லிட்டர், ஏறத்தாழ 130 வெள்ளி.

பழைய காரிலிருந்து சிறிய காருக்கு மாறினால் மாதம் 133 வெள்ளி குறைகிறது. சிறிய காரிலிருந்து ஹைபிரிட்டுக்கு மாறினால் குறைவது 36 வெள்ளி மட்டுமே. பெரிய மிச்சம் முதல் படியிலேயே வந்துவிடுகிறது. எண்ணெய் அதிகம் குடிக்கும் காரைக் கைவிடுவதில்தான் முக்கால்வாசிப் பலன் இருக்கிறது. அதற்கு ஹைபிரிட் கட்டாயமில்லை.

ஹைபிரிட் எப்படி வேலை செய்கிறது?

ஹைபிரிட் காரில் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இருக்கும். சாதாரணக் கார் பிரேக் போடும்போது, ஓட்டத்தில் இருந்த சக்தியெல்லாம் பிரேக்கில் சூடாகி வீணாகிறது. ஹைபிரிட் காரில் பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்தச் சக்தியில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. அடுத்த முறை கார் நகரும்போது அதே மின்சாரம் காரைத் தள்ளுகிறது. சாலை விளக்கில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். எஞ்சின் மிக மோசமாக எண்ணெய் குடிக்கும் வேலை, நின்ற காரை நகர்த்துவதும் மெதுவாக ஊர்வதும்தான். அந்த வேலையை மோட்டார் எடுத்துக்கொள்கிறது.

டோயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்கத் தொடங்கிய பிரியஸ்தான் பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார். மலேசியாவில் பெரோடுவா 2022இல் அத்திவா ஹைபிரிட் 300 கார்களை மாத வாடகைத் திட்டத்தில் விட்டுச் சோதித்தது. அதில் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க மட்டும்தான். சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார்.

எந்தச் சாலையில் லாபம்?

பிரேக் போடும்போதுதான் சக்தி திரும்பக் கிடைக்கிறது என்றால், பிரேக்கே போடாத சாலையில் லாபம் குறையும். ஹைபிரிட் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய முதல் உண்மை இதுதான்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை ஏழு மணிக்குப் போகிறவர், பாதி நேரம் நின்றும் ஊர்ந்தும் போகிறார். அவருக்கு ஹைபிரிட் உண்மையாகவே பலன் தரும். சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ இருந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்தப் பலனில் ஒரு பகுதிதான் கிடைக்கும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காரைத் தள்ளுவது பெரும்பாலும் எஞ்சின்தான்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் ஐந்து கிலோமீட்டர், பிறகு ஊர்ச் சாலையில் பத்து கிலோமீட்டர் என்று விளக்கும் நெரிசலும் இல்லாமல் ஓடுகிறவர்களும் அப்படித்தான். அவர்களுக்கு எடை குறைந்த, எஞ்சின் சிறிய கார் கிட்டத்தட்ட அதே சிக்கனத்தைத் தரும்.

மலைப் பாதையில் ஹைபிரிட்டுக்கு ஓர் எல்லை உண்டு. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பேட்டரி சீக்கிரம் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு அதில் சக்தியைச் சேர்க்க முடியாது. அப்போது கியரில் உள்ள “பி” என்ற நிலையைப் பயன்படுத்தினால் எஞ்சின் காரை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடாகாது. வாங்கியவர் பலருக்கு அந்த எழுத்து எதற்கு என்றே தெரிவதில்லை.

காரின் பின்னால் உள்ள பெயரை நம்பலாமா?

“ஹைபிரிட்” என்று எழுதியிருக்கும் கார் எல்லாம் ஒன்றல்ல. மூன்று வகை உண்டு.

முதல் வகை லேசான ஹைபிரிட். இதில் சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், ஆனால் காரைத் தனியாக ஓட்டும் வலு அதற்கு இல்லை. 2023இல் வந்த புரோட்டோன் எக்ஸ்90 கார் இந்த வகை. பழைய காராகக் கிடைக்கும் நிசான் செரீனா எஸ்-ஹைபிரிட்டும் இந்த வகைதான். இவை பெரிய குடும்பத்துக்கு நல்ல வண்டிகள். ஆனால் எண்ணெய்ச் செலவு பாதியாகும் என்ற எண்ணத்தில் வாங்கக் கூடாது.

இரண்டாவது முழு ஹைபிரிட். குறைந்த வேகத்தில் மோட்டார் மட்டுமே காரை ஓட்டும். டோயோட்டா கொரோலா கிராஸ் ஹைபிரிட், ஹோண்டா சிட்டியின் இ:எச்இவி ரகம் ஆகியவை இந்த வகை. இவற்றுக்கு வெளியிலிருந்து சார்ஜ் போடத் தேவையில்லை. இந்தக் கட்டுரையின் கணக்குகள் இந்த வகைக்கே பொருந்தும்.

மூன்றாவது பிளக்-இன் ஹைபிரிட். இதன் பேட்டரி பெரிது. வீட்டில் சார்ஜ் போட்டு, தினசரி ஓட்டத்தை மின்சாரத்திலேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் கார் நிறுத்துமிடம் வீட்டோடு இருக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டின் நான்காவது மாடியில் இருப்பவர் சார்ஜ் போடாமல் இதை ஓட்டினால், கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் காராகிவிடும்.

தவணையோடு சேர்த்துப் போடும் கணக்கு

ஒரே காரின் பெட்ரோல் ரகத்துக்கும் ஹைபிரிட் ரகத்துக்கும் 12,000 வெள்ளி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் தொகையையும் ஒன்பது ஆண்டுக் கடனில், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டியில் எடுத்தால் வட்டி மட்டும் 3,240 வெள்ளி. மொத்தம் 15,240 வெள்ளி. அதை 108 மாதங்களால் வகுத்தால் மாதம் 141 வெள்ளி.

பெட்ரோல் ரகம் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், ஹைபிரிட் ரகம் 23 கிலோமீட்டர் ஓடுகிறது என்போம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு எண்ணெயில் மிச்சம் 69 வெள்ளி. கூடுதல் தவணை 141 வெள்ளி. மாதம் 72 வெள்ளி கையை விட்டுப் போகிறது.

மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் இ-ஹெய்லிங் ஓட்டுநருக்குக் கதை வேறு. அவருக்கு எண்ணெயில் மிச்சம் ஏறத்தாழ 185 வெள்ளி. தவணை போக 40 வெள்ளிக்கு மேல் அவர் பக்கம் நிற்கும்.

இந்த எடுத்துக்காட்டில் எல்லைக்கோடு மாதம் ஏறத்தாழ 3,060 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓடினால் ஹைபிரிட் லாபம். கீழே ஓடினால் நட்டம். லிட்டருக்கு 2.60 வெள்ளி கொடுப்பவருக்கு அந்த எல்லை 2,340 கிலோமீட்டருக்கு இறங்கும். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமுள்ளவருக்கு எல்லை மேலே ஏறும். விலை வித்தியாசத்தையும் வட்டியையும் உங்கள் விற்பனைத் தாளில் உள்ளபடி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடுகிறவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் தருவது இப்போது வழக்கம். ஆனால் கிலோமீட்டர் வரம்பு உண்டா, வாடகைக்கு ஓட்டினால் உத்தரவாதம் செல்லுமா என்பதை உத்தரவாதப் புத்தகத்தில் படித்துப் பார்க்க வேண்டும். விற்பனையாளரின் வாய்ச் சொல் போதாது.

சாலை வரியையும் சேர்க்க வேண்டும். தீபகற்பத்தில் ஹைபிரிட் காருக்கும் எஞ்சின் அளவைப் பார்த்தே வரி. தனியார் செடான் கார் 1,000 சிசி வரை இருந்தால் ஆண்டுக்கு 20 வெள்ளி. 1,201 முதல் 1,400 சிசி வரை 70 வெள்ளி. 1,401 முதல் 1,600 சிசி வரை 90 வெள்ளி. 1,601 முதல் 1,800 சிசி வரை 200 வெள்ளியும், 1,600க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 40 சென்னும். 1,798 சிசி எஞ்சினுள்ள செடானுக்கு 279 வெள்ளி 20 சென் ஆகிறது. காரின் விலை கூடினால் காப்புறுதிக் கட்டணமும் கூடும்.

தவணை முடிந்த காரை விற்கலாமா?

பல குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. பழைய கார் எண்ணெய் குடிக்கிறது என்பதற்காக மட்டும் புதிய கார் வாங்குவது பெரும்பாலும் நட்டம்.

சிறிய புதிய காருக்கு 40,000 வெள்ளி கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதே 3 விழுக்காடு, ஒன்பது ஆண்டு. மாதத் தவணை 470 வெள்ளி. எண்ணெயில் மிச்சம் மாதம் 133 வெள்ளி. மீதி 337 வெள்ளி எங்கிருந்து வரும்? பிள்ளையின் டியூஷன் பணத்திலிருந்தோ, வீட்டுச் செலவிலிருந்தோதான் வர வேண்டும்.

பழைய கார் அடிக்கடி வழியில் நிற்கிறது, பாதுகாப்பில்லை, பட்டறைச் செலவு மாதம் சில நூறு வெள்ளியைத் தாண்டுகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போது எண்ணெய்ச் சிக்கனம் கூடுதல் பலன். அதுவே ஒரே காரணமாக இருக்கக் கூடாது.

எப்படியும் கார் வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு, 2014இல் வந்த அக்சியா, 2016இல் வந்த பெஸ்ஸா போன்ற சிறிய பெரோடுவா கார்கள் எண்ணெய், சாலை வரி, உதிரிப் பாகம் மூன்றிலும் செலவு குறைந்தவை. 2023இல் 22,000 வெள்ளிக்கு வந்த அக்சியா இ ரகம் கைக் கியர் கொண்டது. கைக் கியர் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அப்படிப்பட்ட அடிப்படை ரகம் தவணையிலும் எண்ணெயிலும் சேர்ந்தே மிச்சம் தரும். வீட்டிலிருந்து வேலையிடத்துக்குத் தனியாகப் போய்வரும் ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் இன்னும் மலிவு. 110 சிசி வண்டி லிட்டருக்கு 40 கிலோமீட்டரை எளிதாகத் தாண்டும்.

பழைய ஹைபிரிட்: மலிவு விலையும் மறைந்த செலவும்

மலேசிய அரசாங்கம் இறக்குமதி ஹைபிரிட் கார்களுக்குக் கொடுத்த வரி விலக்கு 2013 இறுதியில் முடிந்தது. அந்தச் சலுகைக் காலத்தில் ஹோண்டா இன்சைட், சிஆர்-இசட், டோயோட்டா பிரியஸ், பிரியஸ் சி போன்ற கார்கள் நிறைய வந்தன. இப்போது அவை பழைய கார் கடைகளில் கவர்ச்சியான விலைக்கு நிற்கின்றன. பத்தாண்டைத் தாண்டிய கார் என்பதால் பேட்டரிக்கான நிறுவன உத்தரவாதம் முடிந்திருக்கும்.

பேட்டரி கெட்டால் மாற்றச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். ஐந்து வருடமாக மிச்சம் பிடித்த எண்ணெய்ப் பணம் ஒரே நாளில் போய்விடும். எனவே வாங்கும் முன் இவற்றைப் பார்க்க வேண்டும்.

- ஹைபிரிட் தெரிந்த பட்டறையில் கணினி மாட்டி பேட்டரியின் ஒவ்வொரு பகுதியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.
- அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். பேட்டரி அளவு காட்டும் கோடுகள் சட்டென்று நிறைந்து சட்டென்று காலியானால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள்.
- பேட்டரி மாற்றியாகிவிட்டது என்று சொன்னால் ரசீதைக் கேளுங்கள். புதியதா, பழைய பேட்டரியைப் பிரித்துச் சரிசெய்ததா என்பது ரசீதில் தெரியும். இரண்டுக்கும் ஆயுள் ஒன்றல்ல.
- பிரியஸ், பிரியஸ் சி கார்களில் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் பின் இருக்கைப் பக்கம் இருக்கும். அது தூசியடைத்துக் கிடந்தால் பேட்டரி நெடுநாள் சூட்டில் வேலை செய்திருக்கிறது. காரை வைத்திருப்பவர்களும் அந்த இடத்தில் துணியோ பையோ வைத்து மூடக் கூடாது.
- வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா பகுதிகளில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, பாதுகாப்புப் பட்டையின் அடியில் சேற்றுக் கறை இருந்தால் விலகிவிடுங்கள். ஹைபிரிட்டில் தண்ணீர் புகுந்தால் சேதம் இரட்டிப்பு.

ஹைபிரிட் காரில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் ஓடும் கம்பிகள். பழக்கமில்லாத பட்டறையில் அவற்றைத் தொட விடக் கூடாது. உயிருக்கே ஆபத்து. இருக்கும் ஊரில் ஹைபிரிட் பார்க்கும் பட்டறை இல்லையென்றால், அதுவும் வாங்காமலிருக்க ஒரு காரணம்.

பாலத்துக்கு அப்பால் கணக்கு மாறுகிறது

சிங்கப்பூரில் இதே கேள்விக்குப் பதில் வேறு. அங்கு பெட்ரோலுக்கு உதவித்தொகை இல்லை, வரிதான் உண்டு. 2021 பிப்ரவரியில் 95 ரக பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 66 காசாக உயர்த்தப்பட்டது. ஒரு லிட்டர் 2.80 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்தால், மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் ஓட்டுநருக்கு அதே 15க்கும் 23க்கும் உள்ள வித்தியாசம் 260 வெள்ளி. அங்குள்ள டாக்சிகளில் பெரும்பகுதி ஹைபிரிட்டாக மாறியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஜொகூரில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற வழியும் குறுகியது. சிங்கப்பூர்ப் பதிவுள்ள கார்கள் நிலச் சோதனைச் சாவடியைக் கடக்கும்போது டேங்க்கில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்க வேண்டும் என்ற விதி 1991 முதல் உள்ளது. வெளிநாட்டுப் பதிவுக் கார்களுக்கு ரோன்95 விற்பதை மலேசியா 2010இலேயே தடைசெய்தது.

காரை மாற்றாமலே குறைக்கலாம்

புதிய கார் வாங்கும் நிலையில் இல்லாதவர்களுக்குத்தான் எண்ணெய்ச் செலவு அதிகம் வலிக்கிறது. அவர்களால் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

டயர் காற்றை மாதம் இரு முறை பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். பெட்ரோல் நிலையத்தில் காற்று இலவசம். டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பது சரி.

வேகத்தைக் குறையுங்கள். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் கார் சந்திக்கும் காற்றின் எதிர்ப்பு, 90 கிலோமீட்டரில் போகும்போது இருப்பதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வர அரை மணி நேரம் கூடுதலாகும். எண்ணெய் மிச்சம் மீட்டரில் தெரியும்.

நின்றபடி எஞ்சினை ஓட விடாதீர்கள். குளிர்சாதனத்தோடு சும்மா நிற்கும் கார் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குடிக்கும். தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைக்காகத் தினம் இருபது நிமிடம் எஞ்சினை ஓட விட்டுக் காத்திருந்தால், 22 பள்ளி நாளில் ஏழு மணி நேரத்துக்கு மேல். ஆறேழு லிட்டர், 12 முதல் 14 வெள்ளி.

முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலை எடுங்கள். கடைசி நேரத்தில் பிரேக் அமுக்குவதும், பச்சை விழுந்ததும் பாய்வதும் நகர ஓட்டத்தில் மிகப் பெரிய வீண்.

பட்டறையில் கேட்டுப் பாருங்கள். தேய்ந்த ஸ்பார்க் பிளக், கெட்டுப்போன ஆக்சிஜன் சென்சார், முழுமையாக விடுபடாத பிரேக், கோணல் சக்கரம் ஆகிய நான்கும் பழைய கார் எண்ணெய் குடிக்க வழக்கமான காரணங்கள். இவற்றைச் சரிசெய்யும் செலவு ஒரு மாதத் தவணையைவிடக் குறைவாகவே இருக்கும்.

ரோன்95க்கு என்று செய்யப்பட்ட எஞ்சினில் ரோன்97 ஊற்றுவதால் சிக்கனம் வராது. காந்தம், மாத்திரை, டேங்க்கில் ஊற்றும் மருந்து என்று சந்தையில் விற்பவற்றுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், முழு டேங்க் முறையில் முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

கார் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஓடும் கிலோமீட்டர். இப்போதைய கார் லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர். நீங்கள் கொடுக்கும் லிட்டர் விலை. புதிய காரின் மாதத் தவணை. சாலை வரியிலும் காப்புறுதியிலும் ஏற்படும் ஏற்ற இறக்கம்.

எண்ணெயில் குறையும் தொகை முதல் மூன்றில் தெரியும். கூடும் தொகை கடைசி இரண்டில் தெரியும். கூடும் தொகை பெரிதாக இருந்தால் விற்பனையாளர் என்ன சொன்னாலும் அது எண்ணெய்ச் சிக்கனக் கார் அல்ல. வசதிக்காகவோ ஆசைக்காகவோ வாங்குவது தவறில்லை. ஆனால் மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து ஒன்பது ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

நகர நெரிசலில் மாதம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர் ஹைபிரிட்டைத் தைரியமாகப் பார்க்கலாம். அதற்குக் குறைவாக ஓடி, கார் வாங்கியே ஆக வேண்டியவருக்குச் சிறிய பெட்ரோல் கார் போதும். தவணை முடிந்த கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், டயருக்குக் காற்றடித்து, பட்டறையில் ஒரு முறை காட்டிவிட்டு, அதையே ஓட்டலாம்.